தராசில் வைக்கும் முன்னே

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ச் சரக்கு எடுத்து வரும் தம்பிமார்களுக்கும்,



மார்கழி பிறந்துவிட்டது. இனிப் பொங்கல் வரைக்கும் உங்களுக்குக் கை ஒழியாது. வெள்ளையடிக்க வீட்டை ஒதுங்க வைப்பார்கள். மச்சில் வருசக்கணக்காய்க் கிடந்த தகரப் பெட்டியும் கீழே இறங்கும். ‘அப்பா படிச்ச பொஸ்தகம், எங்களுக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க’ என்று நோட்டுகளோடும் தினசரிப் பேப்பரோடும் சேர்த்துத் தருவார்கள். அந்தப் பெட்டியைத் தராசில் வைக்கும் முன்னே ஐந்து நிமிசம் பார்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் நாகலாபுரத்துக்காரன். பழைய இலக்கியக் கட்டுரைப் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பவன். உங்களில் பல பேருக்கு என்னைத் தெரியும். வத்தல் சாக்குக்கும் இரும்புக் குவியலுக்கும் நடுவில் குத்தவைத்து நான் கிளறிக்கொண்டிருக்கும்போது டீ வாங்கித் தந்தவர்கள் நீங்கள். என்னிடம் இருக்கும் நல்ல புத்தகங்களில் பெரும்பங்கு உங்கள் கடைகளிலிருந்து வந்ததுதான். அதனால் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் கையைத் தாண்டிப் போய்விட்டால் பிறகு அந்தப் புத்தகத்தை யாராலும் மீட்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலமானார். அவர் வீட்டு அலமாரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உ.வே.சாமிநாதையரின் ‘நல்லுரைக் கோவை’, ‘நினைவு மஞ்சரி’, வையாபுரிப் பிள்ளையின் ‘இலக்கிய தீபம்’ எல்லாம் வரிசையாக இருந்தன. விசேஷம் முடியட்டும் என்று காத்திருந்து போனேன். அலமாரி காலி. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியூரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள். எடை போட்டு வாங்கியவரையும் சொல்ல முடியாது. லாரியில் ஏறிய பேப்பர் கொஞ்சம் மில்லுக்குப் போகும், கொஞ்சம் பொட்டலத்துக்குப் போகும், கொஞ்சம் சிவகாசிக்குப் போய் வெடிக்குச் சுற்றும் தாளாகும். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கிற வெடித்தாளைக் குனிந்து பார்த்திருந்தால் அதில் அச்செழுத்து தெரிந்திருக்கும்.

ஏன் கட்டுரைப் புத்தகத்துக்கு மட்டும் இவ்வளவு பாடு என்று ஒரு அண்ணாச்சி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பாரதியார் கவிதை வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் புதிதாகவே கிடைக்கும். புதுமைப்பித்தன் கதையும் அப்படித்தான். பெயர்பெற்ற நாவல்களை யாராவது மறுபடி மறுபடி அச்சிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுரைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஒருவர் கம்பனைப் பற்றி மேடையில் பேசியது, வானொலியில் பேசியது, ஒரு மாதப் பத்திரிகையில் எழுதியது, இதையெல்லாம் கூட்டி ஒரு பதிப்பகம் ஒரு தடவை போட்டிருக்கும். ஆயிரம் பிரதி விற்றிருக்கும். அதோடு சரி. சில புத்தகங்கள் கல்லூரிக்குப் பாடமாக வைக்கப்பட்டு நிறைய அச்சாயின. பரீட்சை முடிந்ததும் அவையும் எடைக்கு வந்துவிட்டன. எழுதியவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இதே கதிதான். சாகித்ய அகாதமி 1955இல் தமிழுக்குக் கொடுத்த முதல் விருதே ரா.பி.சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ என்ற கட்டுரைப் புத்தகத்துக்குத்தான். அதன் பழைய பிரதியை அட்டையோடு பார்ப்பது இன்று அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டுரைக்காரர்களில் பல பேர் நம் சீமைக்காரர்கள். சேதுப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்து ராஜவல்லிபுரம். வையாபுரிப் பிள்ளையும் திருநெல்வேலிச் சீமைதான். தமிழ்ப் பேரகராதியை நடத்திக் கொடுத்தவர். ரசிகமணி டி.கே.சி.யின் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டத்தில் கம்பன் பாட்டை மணிக்கணக்கில் பேசி அனுபவித்தார்கள். இடைசெவலிலிருந்து கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அவரைத் தேடிப் போனார்கள். அழகிரிசாமி கதைக்காகவே அறியப்பட்டவர், ஆனால் ‘இலக்கியத்தேன்’, ‘நான் கண்ட எழுத்தாளர்கள்’ என்று அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்தால் பாட்டைக் கேட்கத் தெரிந்த காது எப்படி இருக்கும் என்று தெரியும். தொ.மு.சி.ரகுநாதன் 1948இல் ‘இலக்கிய விமர்சனம்’ எழுதியபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயது. கரிசல் காட்டில் இத்தனை எழுத்தாளர்கள் எப்படி முளைத்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் இளவயதில் என்ன படித்தார்கள், எதோடு சண்டை போட்டார்கள் என்பதற்குச் சாட்சி இந்தப் புத்தகங்கள்தான். அவை இந்த ஊர்களின் மச்சிலேயே இருக்கின்றன. மார்கழியில் உங்கள் கைக்கு வருகின்றன.

சரி, பெட்டியைத் திறந்தால் என்ன பார்ப்பது?

முதலில் காலம். வருசம் போட்டிருந்தால் வேலை சுலபம். போடாத புத்தகம் நிறைய உண்டு. அப்போது விலையைப் பாருங்கள். ‘ரூ. 1–8–0’ என்றோ ‘அணா 12’ என்றோ இருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தின சரக்கு. ‘ந.பை.’ என்று இருந்தால் புதுக்காசு வந்த 1957க்கும், அந்தப் ‘புது’வை எடுத்துவிட்ட 1964க்கும் இடைப்பட்டது. அடுத்தது பதிப்பகத்தின் விலாசம். ‘சென்னை-1’, ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால் பழசு. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது. பிறகு எழுத்து. லை, ளை, னை ஆகியவற்றில் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைவு இருந்தால் பழைய எழுத்து. 1978இல்தான் அரசாணை போட்டு 13 எழுத்துகளை மாற்றினார்கள். சின்ன அச்சகங்கள் அதற்குப் பிறகும் சில வருசம் கைவசம் இருந்த பழைய அச்சையே கோத்தன. அதனால் எழுத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. விலையையும் விலாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சில புத்தகத்தில் தமிழ் வருசப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருசத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். தாது என்று போட்டிருந்தால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முதலாவது, நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்ட தாது வருசப் பஞ்சத்தின் வருசம். அறுபது வருச இடைவெளியைத் தாளும் அச்சும் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய பதிப்பா, அதைப் படம்பிடித்துப் பின்னாளில் போட்ட மறுபதிப்பா என்ற சந்தேகம் வந்தால் விரலை நம்புங்கள். ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அச்சடித்த தாளின் பின்பக்கத்தை மெதுவாகத் தடவினால் எழுத்து புடைத்திருப்பது விரலில் தட்டும். ஆப்செட் தாள் வழவழவென்று இருக்கும்.

அடுத்தது நிலை. இங்கேதான் நல்ல நல்ல புத்தகமெல்லாம் தப்பான பக்கம் ஒதுங்குகிறது. அட்டை இல்லாததை, முதுகு பெயர்ந்ததை, நூல் தொங்குவதைப் பார்த்ததும் ‘இது ஆகாது’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பளபளவென்று பைண்டு செய்ததை எனக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் பல நேரம் எனக்கு வேண்டியது தூக்கிப் போட்டதுதான்.

என்னிடம் ‘தமிழின்பம்’ இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று ரெக்சின் பைண்டிங், முதுகில் பொன்னெழுத்து. பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் போட்டதில் மேலே இருந்த தலைப்பு வரி பாதி போய்விட்டது. பழைய அட்டையையும் ராப்பரையும் கழற்றி எறிந்துவிட்டார். முன்னுரைத் தாள்களும் அதோடு போயின. மற்றதற்கு அட்டையே கிடையாது. பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற காக்கி உறையை யாரோ போட்டிருக்கிறார்கள். முதுகில் தையல் நூலும் காய்ந்த பசையும் வெளியே தெரிகின்றன. முதல் பாரம் (ஒன்றாய் மடித்துத் தைத்த தாள்கட்டு) கழன்று தனியாக நிற்கிறது. மூலையில் எலி கடித்த அரைவட்டம். ஆனால் ஒரு தாளும் குறையவில்லை, ஓரமும் வெட்டுப்படவில்லை. எந்தப் பகுதியை எந்த வகுப்புக்கு நடத்தினேன் என்று ஓர் ஆசிரியர் பக்க ஓரத்தில் பென்சிலில் சன்னமாகக் குறித்து வைத்திருக்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் யோசிக்காமல் காக்கி உறைக்காரனை வைத்துக்கொள்வேன்.

புத்தகத்தின் உயிர் அதன் தாள் எல்லாம் இருப்பதில் இருக்கிறது. அழகு பிறகுதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழம்புத்தக வியாபாரிகள் ஒவ்வொரு பிரதிக்கும் தரம் போட்டு விற்கிறார்கள். பல படிகள் உண்டு. நைந்துபோன, ஆனால் முழுசாக இருக்கிற பிரதிக்கு அங்கே ஒரு கௌரவமான படி இருக்கிறது. என்ன குறை என்பதை ஒளிக்காமல் எழுதி விற்பார்கள். நம் பக்கத்தில் ‘நல்லா இருக்கு’, ‘கிழிஞ்சது’ என்று இரண்டே தரம்தான். அதில் ‘கிழிஞ்சது’ எல்லாம் சாக்குக்குள் போய்விடுகிறது.

தாள் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பக்கமாக எண்ண வேண்டாம். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ ஒரு பாரம். ஒவ்வொரு பாரம் தொடங்கும் பக்கத்தின் அடியிலும் சின்னதாக ஒரு எண் இருக்கும். அந்த எண்கள் வரிசையாக வந்தால் நடுவில் பாரம் எதுவும் விழவில்லை என்று அர்த்தம். பிறகு முன்னும் பின்னும் பாருங்கள். முன்னுரையைக் கடைசியாக அச்சடித்து முன்னால் சேர்ப்பார்கள், அதற்குப் பக்க எண் தனி. அதனால் அது போனதே தெரியாது. கட்டுரைப் புத்தகத்தில் முன்னுரை போனால் பெரிய நஷ்டம்: எந்தக் கட்டுரை எந்த ஊரில் பேசியது, எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற விவரம் அதில்தான் இருக்கும். கடைசியில் சில சமயம் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும். குப்பை என்று பிய்த்துவிடாதீர்கள்.

தாளின் தரம் வேறு விஷயம். 1940களின் புத்தகங்களைத் தொடும்போது கை பத்திரம். போர்க்காலத்தில் காகிதத்துக்குக் கட்டுப்பாடு. கிடைத்த மட்டத்தாளில் அடித்துப் போட்டார்கள். மரக்கூழில் செய்த அந்தத் தாளில் அமிலம் இருக்கிறது. தன்னைத் தானே மெல்ல எரித்துக்கொள்கிறது. ஓரத்தில் பழுப்பு கூடவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். புரட்டினால் சருகுச் சத்தம் கேட்கும். மூலையை லேசாக வளைத்ததும் முறிகிற நிலை வந்துவிட்டதென்றால் அதற்கு மேல் புரட்டாமல் அப்படியே ஒரு காகிதத்தில் சுற்றி வையுங்கள். நம் பூமி காய்ந்த பூமி என்பது ஒரு வகையில் நல்லது. கடலோரத்து வீடுகளில் பூக்கிற அளவுக்குப் பூஞ்சணம் இங்கே பூக்காது. வெக்கைதான் நமக்கு எதிரி. தகரக் கொட்டகைக்குக் கீழே சித்திரை, வைகாசியைக் கழித்த தாள் சீக்கிரம் உதிர்ந்துவிடும். புத்தகச் சாக்கைக் கொட்டகையில் போடாமல் ஓட்டுக்கோ காரைக்கோ கீழே போட்டாலே அதற்குச் சில வருசம் ஆயுள் கூடும்.

பூச்சி விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கரையான் மண்ணோடு வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். ராமபாணம் குண்டூசி ஓட்டை போட்டு அட்டையிலிருந்து அட்டைக்குத் துளைத்துக்கொண்டு போகும். வெள்ளிப்பூச்சி பசையையும் தாளின் மேல்தோலையும் சுரண்டும். ஓட்டை இருந்தால் மட்டும் ஒதுக்க வேண்டாம். அது ஐம்பது வருசத்துக்கு முந்தின ஓட்டையாக இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் புத்தகத்தைத் தட்டிப் பாருங்கள். புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அதை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வைத்தால் போதும்.

தயவுசெய்து ஒட்டாதீர்கள். எனக்காகச் செல்லோ டேப் போட்டு வைத்த புத்தகங்களைப் பார்த்து மனது கஷ்டப்பட்டிருக்கிறேன். செய்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். அந்த டேப் சில வருசத்தில் காய்ந்து விழுந்துவிடும். அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சளாய், எழுத்து மேலேயே நிற்கும். ஃபெவிகாலும் வேண்டாம், பின் அடிப்பதும் வேண்டாம். இரும்புப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். சணலை இறுக்கிக் கட்டினால் அடித்தாளின் ஓரம் அறுந்துவிடும். துணி நாடாவாகவோ கிழிந்த வேட்டிக் கரையாகவோ இருந்தால் நல்லது. நனைந்த புத்தகம் வந்தால் வெயிலில் விரிக்காதீர்கள். பக்கங்களுக்கு நடுவில் செய்தித்தாளைச் செருகி ஃபேன் காற்றில் வையுங்கள்.

புத்தகத்துக்குள் கிடக்கிற காகிதங்களையும் உதறிவிடாதீர்கள். தபால் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பதிப்பகத்தின் விலைப்பட்டியல், வாசகசாலை முத்திரை, பரிசு வாங்கியபோது தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த வரி எல்லாமே அந்தப் பிரதி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று சொல்லும். கிளை நூலக முத்திரை இருந்து, கழித்துவிட்டதற்கான முத்திரை இல்லையென்றால் அதை எனக்குத் தர வேண்டாம். அந்த நூலகத்துக்கே சொல்லி அனுப்புங்கள். அது ஊர்ப் பொருள்.

இனி விலை. பழைய ரூபாய் நோட்டுக்கு லட்சம், பழைய புத்தகத்துக்கு லட்சம் என்று செல்போனில் வருகிற வீடியோக்களை நம்பி ஒரு சிலர் சரக்கைப் பூட்டி வைத்துவிட்டு வாங்க ஆள் வராமல் கரையானுக்குக் கொடுத்தார்கள். கட்டுரைப் புத்தகத்துக்கு லட்சம் கிடையாது. ஆனால் கிலோ பத்துக்கும் பதினைந்துக்கும் போக வேண்டிய பொருளும் இல்லை. நான் புத்தகத்துக்குத் தனித்தனியாகத் தருகிறேன். முழுசாக இருந்தால் அட்டை இல்லாததற்கும் தருவேன். முன்னுரையும் ராப்பரும் இருந்தால் கூடுதலாகத் தருவேன். ஏற்கெனவே என்னிடம் உள்ளதாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றில் இல்லாத தாள் மற்றதில் இருக்கும்.

வாங்கி என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். நாட்டுக்கோட்டையார் வீடுகளைச் சுற்றி வாழ்நாளெல்லாம் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்தத் துணை நின்றது. இன்று தமிழில் ஆராய்ச்சி செய்ய உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் தரமணியில் அந்த வாசலை மிதிக்காமல் முடியாது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் சம்பாத்தியத்தில் உருவாக்கிய ஞானாலயா, முதல் பதிப்புகளுக்கென்றே பெயர்பெற்றது. வையாபுரிப் பிள்ளையின் புத்தகங்கள் கல்கத்தா தேசிய நூலகம் வரைக்கும் போய்விட்டன. ரகுநாதன் தாம் சேர்த்ததை எட்டயபுரத்துக்குக் கொடுத்தார். என்னிடம் இருப்பது இவர்களுக்கு முன்னால் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் கரிசல் ஊர்களில் படிக்கப்பட்ட கட்டுரைப் புத்தகங்கள், அந்த ஊர்க்காரர்களின் கைக்குறிப்போடு, ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் காலத்துக்குப் பிறகு அவை நூலகத்துக்குத்தான் போகும். வீட்டில் எழுதியே வைத்துவிட்டேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கடையில் ஒரு சாக்கு தனியாகப் போடுங்கள். வத்தல் போட்ட சாக்கு வேண்டாம், புதுச் சாக்கு நான் தருகிறேன். பழைய எழுத்து, அணா விலை, கட்டுரை என்று தோன்றுகிற எதையும் அட்டையைப் பார்க்காமல் அதில் போடுங்கள். எந்த ஊரில் எடுத்தது என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே செருகுங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். சந்தேகம் வந்தால் முதல் பக்கத்தையும் விலை போட்டிருக்கும் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், அன்றைக்கே பதில் சொல்கிறேன். பொங்கல் முடியும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் புதூரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கடையாக வருகிறேன். டி.கே.சி.யின் ‘இதய ஒலி’யும் ரகுநாதனின் 1948 ‘இலக்கிய விமர்சன’மும் கண்ணில் பட்டால் ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளுக்கு வழக்கமாய் வரும்
நாகலாபுரத்துப் புத்தகக்காரன்